தோழியின் தாடி

“பெண்ணுக்குத் தாடி முளைப்பது கோபத்தால்!”

இளஞ்சிவப்பு ரேசர் பெட்டிக்காக மேலாளரே எழுதிய வாசகம். பிளேடு கம்பெனியில் பிழை திருத்துபவளுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பென்சிலால் ஓரத்தில் எழுதினாள்: “கோபம் அல்ல. பிசிஓஎஸ் என்ற சினைப்பைக் கோளாறு இருந்தால் பலருக்கு இன்சுலின் கூடும். அது சினைப்பையை முடுக்கி ஆண் ஹார்மோனை அதிகம் சுரக்க வைக்கும். மூளையடிச் சுரப்பியின் எல்.எச். ஹார்மோன் எகிறினாலும் அதே கதை.”

உடனே மேலாளர் அறையிலிருந்து அழைப்பு வந்தது.

“உனக்கு எப்படிம்மா இதெல்லாம் தெரியும்?”

காலையில் ஏழு முடி பிடுங்கிய தாடையை அவள் கை தானாக மூடிக்கொண்டது. உண்மை தெரிந்தால் அடுத்த பெட்டியில் அவள் முகத்தையே அச்சடித்துவிடுவார் மனிதர்.

“ஒரு... தோழிக்கு இருக்கு சார்.”

“அட! என் வீட்டுக்காரியோட தோழிக்கும் இதேதான். ஒரு வருஷமா நான்தான் ஆலோசனை. கோபத்தைக் குறைக்கச் சொன்னேன், கூடிப்போச்சாம்! சரி, ரேசர் வெளியீட்டு விழாவுக்கு உன் தோழிதான் சிறப்பு விருந்தினர்.”

“அவ வெளியூர் சார்.”

“கார் அனுப்பறேன்.”

“ரொம்பக் கூச்சப்படுவா.”

“திரைக்குப் பின்னாடி உட்காரட்டும்.”

“பேச வராது சார்!”

“நீ எழுதிக் கொடு, அவங்க வாசிக்கட்டும். காரியம் முடிஞ்சுது!”

ஒரு முடியை மறைக்கப் போனவள் முழு விழாவையே தலையில் தூக்கிக்கொண்டாள்.

விழாவன்று மேடையில் திரை தொங்கியது. அதற்குப் பின்னால் ஒரு சோபா, அதில் ‘தோழி’ என்று ஓர் அட்டை. மேலாளருக்கு மைக் கிடைத்ததும் கால் தரையில் பாவவில்லை.

“ஆண் ஹார்மோனின் ஆணிவேரைக் கண்டவன் நான்! கூச்சம் எதுக்கு? திரையை விலக்குங்க!”

காலி சோபாவைப் பார்த்தால் கதை கந்தலாகிவிடும். பிழை திருத்துபவள் விழுந்தடித்துக்கொண்டு திரைக்குப் பின்னால் ஓடினாள்.

சோபா காலியாக இல்லை. மேலாளரின் மனைவி உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் ‘தோழி’ அட்டை. மறு கை திரையை இறுக்கிப் பிடித்திருந்தது.

“மேடம், நீங்க எப்படி இங்க?”

“தள்ளி உட்காரறேன், வா,” என்றார் அவர் மெதுவாக. “ஒரு வருஷமா நானும் அவர்கிட்ட ‘தோழிக்கு’ன்னுதான் சொல்லிட்டிருக்கேன்.”