முன் சீட்டு மாமனார்

“என்ன மாப்பிள்ளை, சத்தத்தையே காணோம்?”

சற்றுமுன் வரை, இரைச்சலில் காதே போய்விட்டது என்று கத்தியவர் இவர்தான். இரைச்சல் நின்றது இப்போது இன்னொரு குற்றமாகிவிட்டது.

“எஞ்சின் நின்னுடுச்சு மாமா. பெல்ட்டை இறுக்கிக்குங்க, ஏரியில இறக்கப் போறேன்.”

“ஏரியிலயா? ஏன், ரோட்டுக்கு என்ன கேடு?”

“லாரி போகுது மாமா!”

“ஒதுங்கச் சொல்லுங்க!”

நான்கு பேர் உட்காரும் சின்ன விமானம். பெண்ணைக் கொடுத்தவனுக்குப் பின் சீட்டா என்று சண்டை பிடித்து, விமானம் ஓட்டும் மாப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் மாமனார். பின்னால் மாமியார் கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி இருந்தார்.

“மிதவைச் சட்டையைப் போட்டுக்குங்க. வெளியே போனப்புறம்தான் கயிறை இழுக்கணும்.”

“அப்புறமாம் அப்புறம்! உயிர் போனப்புறமா?” மாமனார் கயிற்றை ஒரே இழுப்பாக இழுத்தார். சட்டை புஸ்ஸென்று உப்பி அவர் முகவாயைத் தூக்கி நிறுத்தியது.

தண்ணீர் படாரென்று அறைந்தது. விமானம் இரண்டு துள்ளு துள்ளி, மூக்கைத் தாழ்த்திக்கொண்டு மிதந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மாமியார் சமர்த்தாக இறக்கைமேல் ஏறிவிட்டார். மாமனார் உப்பிய சட்டையோடு கதவில் சிக்கிக்கொண்டார்.

மாப்பிள்ளை இழுத்தார், ஒரு செருப்பு ஏரிக்குப் போனது. தள்ளினார், மூக்குக் கண்ணாடியும் போனது. வேறு வழியில்லாமல் பேனாவால் சட்டையைக் குத்தினார்.

“ஐயையோ! இருந்த ஒரு மிதவையையும் ஓட்டை போட்டுட்டாரே! என்னைக் கொல்லவே கூட்டிட்டு வந்திருக்காரு!”

அதற்குள் மாப்பிள்ளை வேலை பார்க்கும் விமானக் கம்பெனியின் முதலாளி மோட்டார் படகில் வந்து சேர்ந்தார். மூவரும் ஏறினார்கள். மாமனார் உட்காரக்கூட இல்லை.

“ஓட்டை உடைசலை வாடகைக்கு விடுறீங்களே, வெக்கமா இல்ல?”

முதலாளிக்குச் சுருக்கென்றது. “எஞ்சினை நேத்துதான் கழட்டிப் பார்த்து மாட்டியிருக்கோம். டேங்க் நிறைய பெட்ரோலும் இருக்கு. கோளாறு வண்டியில இல்லேன்னா தப்பு ஓட்டுனவர் மேலதான். அப்படின்னா இன்னிக்கே சீட்டைக் கிழிச்சுடுவேன்.”

மாப்பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. வீட்டில் கைக்குழந்தை. “எல்லாத்தையும் சரி பார்த்துத்தான் சார் கிளம்பினேன்.”

“இவரா? இவரா சரி பார்த்தாரு?” மாமனாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மகள் வாழ்க்கையும் அதே படகில்தான் இருக்கிறது என்பது அந்த வேகத்தில் அவருக்கு மறந்தே போயிற்று. “என்னைக் கேளுங்க சார்! வந்து ரெண்டு நாளா இவர் வீட்டு லட்சணத்தைப் பார்க்கிறேன். ஆள் இல்லாத ரூம்ல ஃபேன் சுத்துது. நான்தான் அணைச்சேன். பட்டப்பகல்ல வாசல் விளக்கு எரியுது. நான்தான் அணைச்சேன். தோட்டத்துக் குழாய் திறந்தே கிடக்குது. நான்தான் மூடினேன். நான் ஒருத்தன் இல்லேன்னா எல்லாம் வீணாத்தான் போகும்!”

முதலாளி மாப்பிள்ளையை முறைத்தார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

அதுவரை வாயே திறக்காத மாமியார் பெருமையாகத் தலையாட்டினார்.

“ஆமா சார், இவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இப்பக்கூடப் பாருங்க, மேல போனதும் சீட்டுக்கு நடுவுல குழாய் மாதிரி ஒரு சிவப்புத் திருகு திறந்தே கிடந்துச்சு, இவர்தான் குனிஞ்சு இறுக்கி மூடினாரு.”