கண்ணை மூட முடியாத காவலாளி

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையைக் கைப்பிடித்த நாள் முதல் தங்கள் பேச்சைத் தட்டாதவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். தாங்களும் வீட்டாரும், தங்கள் முழங்கால் நீங்கலாக, சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் நல்ல சேதி. கண் ஆபரேஷன் முடிந்தது, கட்டையும் பிரித்துவிட்டார்கள். இந்தக் கடிதத்தை மருமகளிடம் சொல்லி எழுதவில்லை, நானே எழுதுகிறேன். வரி கோணலாகப் போனால் கண்மேல் பழி போடாதீர்கள், என் கையெழுத்தே அப்படித்தான்.

பட்ட பாட்டைச் சொல்லாமல் எனக்கு ஆறாது. கண்ணில் புரை முற்றிவிட்டது, பேத்தி நடக்கவே ஆரம்பித்துவிட்டாள், எனக்கோ அவள் முகம் ஒரு மங்கலான வட்டம், அவ்வளவுதான். ஆபரேஷனுக்குப் போனால் நர்ஸம்மா கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்க்கிறார், உடனே டாக்டரைக் கூப்பிடுகிறார், டாக்டர் பார்க்கிறார், பச்சை அங்கியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள் என்கிறார். பிரஷர் இறங்கினால்தான் கத்தியை எடுப்பாராம். அடுத்த முறையும் இதே கதை. மச்சான், உங்களிடம் சொல்வதற்கென்ன, பயந்துதான் போனேன். அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்காமலே போய்விடுவேனோ என்று உள்ளுக்குள் அழுதேன்.

டாக்டர் வெள்ளையாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் சங்கதிதான் உங்களுக்குத் தெரியுமே, கம்பெனி கேட்டில் நின்ற காலம் முழுக்க, ஊர் பேர் தெரியாத ஒருத்தரையும் நான் உள்ளே விட்டதில்லை. மாத்திரையையும் உதட்டோடு நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டேன். உங்கள் மூலிகைப் பொடி அப்படியில்லை, மைத்துனர் சிபாரிசோடு வந்தது. மாத்திரை அட்டையைத் தூக்கிப் போடு, அண்ணன் அனுப்பிய பொடியைக் கஷாயம் வைத்துக் கொடு என்று உங்கள் தங்கையிடம் சொன்னேன். எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பவள், அன்றைக்கு வாயே திறக்காமல் இரண்டையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். உங்கள்மேல் அவளுக்கு அவ்வளவு மரியாதை. அப்பப்பா, என்ன கசப்பு! குடித்தால் காது வரைக்கும் கசக்கிறது. மூலிகையின் வீரியம் அப்படி.

அதோடு விட்டீர்களா, மனசை அடக்கினால் பிரஷர் தானாக அடங்கும் என்று எழுதி, என்னை அந்த மனக்கவனத் தியான வகுப்பிலும் சேர வைத்தீர்கள். நூலகத்து மாடியில், பாய் விரித்து, பதினைந்து இருபது பேர். சொல்லித் தருகிற அம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். எடுத்த எடுப்பிலேயே கண்ணை மூடச் சொன்னாரே பார்க்கலாம். கண்ணை மூடினால் வேலை போய்விடும் என்று வாழ்ந்தவன் எப்படி மூடுவது? எல்லோரும் மூடிக்கொண்டிருக்க, நான் ஒருவன் விழித்துக்கொண்டு வெளியே கிடந்த செருப்புகளுக்குக் காவல் இருந்தேன். பக்கத்துப் பாயில் இருந்த தபால்காரர் குறட்டை விட ஆரம்பித்தார். பழக்க தோஷம், அவர் காலைத் தட்டி, "டூட்டியில தூக்கமா?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு வகுப்பு அதோடு சரி.

அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. என்னைத் தனியாக உட்காரவைத்து, எண்ணங்கள் வந்தால் என்ன செய்கிறீர்கள் என்று விசாரித்தார். எங்கிருந்து வருகிறாய், யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பேன், சரியான பதில் இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று உண்மையைச் சொன்னேன்.

"யாரையும் நிறுத்தாதீங்கய்யா. வர்றாங்கன்னு பாருங்க, போறாங்கன்னு பாருங்க. அதுக்குமேல உங்களுக்கு வேலையே இல்ல," என்றார்.

"அப்போ கேட்டைத் திறந்து போடச் சொல்றீங்களா?"

"கேட்டே இல்லைங்கறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேட் இல்லாத இடத்தில் வாட்ச்மேனுக்கு என்ன வேலை? ஆனால் மச்சான், கண்ணைத் திறந்தபடியே ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்தேன். ஆபரேஷன் பயம் வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, யாரும் கேள்வி கேட்காததால் தானே போய்விட்டது. மூச்சு லேசாக வந்தது. அன்றைக்குத்தான் எனக்கு ரிட்டயர்மென்ட் ஆன மாதிரி இருந்தது.

அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போனால் நர்ஸம்மா பட்டையைச் சுற்றுகிறார், மெஷினைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், சிரிக்கிறார். நேரே மேசைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் பேத்தியைத் தூக்கிப் பார்த்தேன். பகீரென்றது. மோவாய்க் குழியிலிருந்து முறைப்பு வரைக்கும் அப்படியே நீங்கள். இருந்தாலும் இறக்கிவிட மனசே வரவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்பாடா என்று இருக்கிறது மச்சான். வீடே புதுசாகத் தெரிகிறது. அடுக்களையில் பாத்திரமெல்லாம் என்ன பளபளப்பு! இத்தனை நாள் இதையெல்லாம் பார்க்காமலே இருந்திருக்கிறேன். மாத்திரையை நம்பாமல் உங்கள் பொடியை நம்பியதற்குக் கிடைத்த பலன் இது. பொடி தீரப் போகிறதாம், இன்னும் கொஞ்சம் அனுப்பச் சொல்லி உங்கள் தங்கையே கேட்கிறாள்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கங்கள், சின்னவர்களுக்கு ஆசிகள். தங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்பு.

இப்படிக்கு,
தங்கள் சிபாரிசால் பார்வை பெற்றவன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில், நாற்காலியில் இருந்தபடியே தற்செயலாக அடுக்களைப் பக்கம் திரும்பினேன். முன்பெல்லாம் அங்கே புகை மாதிரி ஓர் உருவம்தான் தெரியும். இப்போது உங்கள் தங்கை தெளிவாகத் தெரிந்தாள். வெள்ளை மாத்திரை ஒன்றைக் கரண்டியின் முதுகால் நசுக்கி, என் டம்ளரில் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். உங்கள் பொடி டப்பா தொட்டியடியில் பாத்திரம் தேய்க்கும் நாருக்குப் பக்கத்தில் மூடி திறந்து இருந்தது. டம்ளரைக் கொண்டுவந்து நீட்டியவள் என் பார்வையைக் கவனித்துவிட்டு, "என்ன, கண்ணு நல்லா தெரியுதா?" என்றாள். "கிட்டத்துல தெரியுது. தூரத்துல மங்கல்தான்," என்றேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டேன். திருப்பி அனுப்பிய ஆள்தான் என்று தெரிந்தும் உள்ளே விட்டது என் சர்வீஸில் இதுதான் முதல் தடவை. வகுப்பை விடப் போவதில்லை. நீங்களும் பொடியைச் சீக்கிரம் அனுப்புங்கள், தேய்க்க வேண்டிய பாத்திரம் நிறைய இருக்கிறது.