தலையாட்டியது நானல்ல, என் கழுத்து

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு (தாங்கள் இன்னும் சம்பந்திதான் என்ற நம்பிக்கையில்), தையல்காரன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே கழுத்துக்கு மேலே நலம், கழுத்துக்குக் கீழே நலம். தங்கள் வீட்டில் எல்லோரும் நடுவில் இடைவெளி விடாமல் முழுசாக நலமாயிருக்க வேண்டுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தாங்கள் குடும்பத்தோடு வந்து, என் மகளைத் தங்கள் மகனுக்குப் பேசி முடித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைக்குப் போக வேணாம், சரிதானே?" என்று கேட்டீர்கள். நான் தலையாட்டினேன் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷமாகக் கிளம்பிவிட்டீர்கள். சம்பந்தி, அது சம்மதம் இல்லை, எலும்புத் தேய்மானம். அதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

முப்பத்திரண்டு வருடமாக மெஷின் மேல் குனிந்து குனிந்து என் கழுத்து எலும்பு தேய்ந்துபோயிருக்கிறது, எக்ஸ்ரே படத்திலேயே தெரிகிறது. போன மாதம் ஒரு நாள் மேல் தட்டிலிருந்து துணிக் கட்டை எடுக்க அண்ணாந்தேன், கடை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றியது. கையில் அகப்பட்டதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அகப்பட்டது அளவு கொடுக்க வந்திருந்த வங்கி மேனேஜர். இரண்டு பேருமாகப் பட்டன் டப்பாக்களின் மேல் விழுந்தோம். பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஓடிவந்து, கழுத்து எலும்பு தேய்ந்தால் மூளைக்குப் போகிற ரத்தம் பாதி வழியிலேயே நின்றுவிடும் என்று சொல்லி, கழுத்துக்கு ஒரு பட்டையையும் மாட்டிவிட்டார். அன்றிலிருந்து எதை மறந்தாலும் மேலே ரத்தம் வந்து சேரவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. என் மனைவியைக் கேட்டால், அது கல்யாணம் ஆன நாளிலிருந்தே வரவில்லை என்கிறாள்.

பட்டை போட்ட பிறகு குனிய முடியுமா, முடியாது. டேப் கீழே எங்கே நிற்கிறது என்று பார்க்காமல் குத்துமதிப்பாக அளவெடுத்து, ஒரு வாத்தியாருக்குக் கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே நிற்கும் பேண்டைத் தைத்துக் கொடுத்துவிட்டேன். அவர் தங்கமான மனுஷர், மழைக்கு ஆகும் என்று போட்டுக்கொண்டு போனார். தெருவில் யார் கூப்பிட்டாலும் என்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. பெண்ணுக்குப் பெரிய இடம் அமைந்ததும் தையல்காரனுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று ஊர் பேசுகிறது. தலை கனம்தான் சம்பந்தி, பொய்யில்லை, தாங்க முடியாமல்தானே முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

தாங்கள் வந்த அன்று, பட்டையோடு நின்றால் நன்றாயிருக்காது என்று மனைவி அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். வந்தது வினை. தலைக்கு முட்டு இல்லை, மேலே ரத்தம் இல்லை, அந்த நேரம் பார்த்துத் தாங்கள் கேள்வி கேட்கிறீர்கள். தலை தானாக முன்னால் சாய்ந்தது, கழுத்து பின்னால் இழுத்தது, மறுபடியும் சாய்ந்தது. பார்த்தவர்களுக்கு அது ஆமாம் ஆமாம் என்று தெரிந்திருக்கிறது. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கிற என் மகளுக்கும் அப்படியே தெரிந்து, அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அவள் அம்மாவிடம், "உங்க வீட்டுக்காரரைச் சாப்பிட வரச் சொல்லுங்க" என்கிறாள், பெற்ற அப்பனைப் பார்த்துக்கொண்டே. அந்த வேலைக்காக அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் போட்டுக்கொண்டு போன வெள்ளைக் கோட்டை நான்தான் தைத்தேன். அவள் முகம் கொடுத்துப் பேசாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே அன்றைய தலையாட்டலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல் விட்டுவிடவும். மேற்படி விஷயத்தில் என் சொந்தக் கருத்து என்னவென்றால், அதைக் கழுத்து குணமானதும் தெரிவிக்கிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம், தலை குனியாமல் சொன்னதைத் தவறாக நினைக்க வேண்டாம். மாப்பிள்ளை நீடூழி வாழ என் ஆசிகள்.

இப்படிக்கு,
வேறு வழியில்லாமல் நிமிர்ந்து நிற்கும்
தையல்காரன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை மகளிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒரு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினாள். "அப்பா, உங்க கழுத்தைப் படம் எடுத்ததே நான்தான். இந்த வயசுல நிறைய பேருக்கு இப்படித்தான் தேஞ்சிருக்கும். அதுக்காகத் தலை அதுவா ஆடாது." கையோடு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். மூளைக்கு ரத்தம் தாராளமாகப் போகிறது, சுற்றல் காதுக்குள் இருக்கிற கோளாறு என்று அவர் சொல்லி, என்னைக் கட்டிலில் படுக்கவைத்துத் தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்பி எழுப்பி உட்காரவைத்தார். சுற்றல் நின்றுவிட்டது. ஆகவே சம்பந்தி, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். அன்று தலையாட்டியது நான்தான். மாட்டேன் என்றால் சம்பந்தத்தை முறித்துக்கொண்டு போய்விடுவீர்களோ என்று பயந்து ஆட்டினேன். அந்தப் பயம் இப்போதும் போகவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்: என் மகள் வேலையை விடமாட்டாள். இது தங்களுக்குச் சம்மதமா இல்லையா என்று, தலையாட்டாமல், வாயைத் திறந்து சொல்லவும்.