நேரடி வகுப்பில் மாமியார்

என் மனைவி நபுகீராவை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறேன் என்று திட்டினாள். நானும் பதிலுக்குக் கத்திவிட்டு வந்தேன். காலையில் போனபோது கத்த ஆளில்லை.

நாங்கள் கோபத்திலேயே குடும்பம் நடத்தியவர்கள். அதில் பெரிய கோபம், அவள் ஆன்லைனில் படித்த வருஷத்துடையது. பட்டயம் இல்லாத டீச்சர்களுக்கு இனி வேலை இல்லை என்று அவள் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். சாயங்காலமானால் ஹாலில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள். அடுப்பில் மடோகே, அதாவது வாழைக்காய் மசியல், தீயும். எனக்கு வயிறு எரியும்.

"வாத்தியார் எங்க?" என்றேன்.

"கம்பாலால, ஸெபோ." கோபத்திலும் என்னை 'ஐயா' என்றுதான் கூப்பிடுவாள்.

"நீ?"

"மசாகால, நம்ம ஹால்ல. கண்ணு தெரியலையா?"

"அப்ப பள்ளிக்கூடம் எங்க?"

"நடுவுல எங்கேயோ. வாழைக்காய் மட்டும் இங்கதான் இருக்கு. உரிச்சு வைங்க."

ஆம்பிளை வாழைக்காய் உரிப்பதா? அந்த வாத்தியாரிடமே, 'என் பொண்டாட்டி நாளையிலிருந்து வரமாட்டா' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட முடிவு செய்தேன்.

மறுநாள் அவள் கொடியில் காய்ந்த துணியை எடுக்க வெளியே போனாள். பனியனோடு போய் கணினி முன்னால் உட்கார்ந்தேன். திரை முழுக்க என் மாமியார். இருமினார். கண்ணாடியைச் சரிசெய்தார். என்னையே பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் மருமகன் மாமியார் முகத்தைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் கைநடுக்க வியாதி வரும் என்பார்கள். ரோட்டில் கண்டால் புதருக்குள் இறங்கிவிடுவோம். ஹாலில் புதர் இல்லை. மேஜைக்கு அடியில் இறங்கி, முழங்காலிலேயே அடுப்படிக்குப் போனேன்.

"உங்கம்மா எதுக்கு அதுல?" என்று, துணியோடு உள்ளே வந்தவளிடம் சீறினேன்.

"அவங்களும் சேர்ந்திருக்காங்க. நேரடி வகுப்பு. எல்லாரும் எல்லாரையும் பாக்கலாம்."

"என்னையுமா?"

"உங்க பனியன்ல இருக்கிற ஓட்டையையும்."

அந்த வருஷம் முழுக்க நான் ஹாலில் கால் வைக்கவில்லை. அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் முகத்தை முறத்தால் மறைத்துக்கொண்டு போனேன். அடுப்படியில் சும்மா இருக்க முடியாமல் வாழைக்காய் உரித்தேன். நிலக்கடலைக் குழம்பு வைக்கவும் வந்துவிட்டது. அவள் பட்டயம் வாங்கினாள்.

பிறகு ஒரு கல்யாணத்தில் மாமனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அத்தை படிப்பு முடிஞ்சுதா?" என்றேன்.

"என்ன படிப்பு மாப்பிள்ளை? எங்க ஊர்ல சிக்னலே கிடையாது. நபுகீரா ஒருநாள் வந்து போன்ல உங்க அத்தையைப் படம் பிடிச்சா. இருமச் சொன்னா, இவளும் இருமினா. அவ்வளவுதான்."

வீட்டுக்கு வந்து குதித்தேன். நபுகீரா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஆன்லைன் வகுப்பு ரெண்டு வகை, ஸெபோ. ஒண்ணு நேரடி. இன்னொண்ணு முன்னாடியே பதிவு பண்ணி வெச்சு, வேணுங்கிறப்ப போட்டுக்கிறது. முதல் பாடமே அதுதான். நீங்கதான் பனியனோட எழுந்து ஓடிட்டீங்களே."

அந்த மடிக்கணினி இன்னும் ஓடுகிறது. நபுகீராவின் வீடியோ அதில் ஒன்றுகூட இல்லை. மாமியார் வீடியோவின் தொடக்கத்தில் மட்டும், "இருமுங்கம்மா" என்று அவள் குரல் வரும். திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் அதைக் கேட்க வேண்டியிருக்கிறது.