மதர் வரச் சொன்னாவ

பர்னபாஸின் இரண்டு கைகளும் சட்டைக்குள் போய்விட்டன. தலைதான் வெளியே வர வழி தெரியாமல் உள்ளேயே முட்டிக்கொண்டிருந்தது.

"கழுத்துப் பித்தானைக் கழத்தினீங்களா?" என்றாள் மனைவி மிக்கேலம்மாள்.

"பித்தானா? இதுல பித்தான் வேற இருக்கா?" என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

சட்டை இரவல். உப்புக் கிட்டங்கியில் வேலை பார்க்கும் பொன்னுதுரையுடையது. பொன்னுதுரை ஒல்லிப்பிச்சான். பர்னபாஸோ மீசை அரும்பிய நாளிலிருந்து சங்கு குளிக்கிறவர். மூச்சை அடக்கி அடக்கி நெஞ்சு அகன்று போன மனிதர். கடலுக்குக் கோவணம், கோயிலுக்குத் தோளில் ஒரு துண்டு என்று காலத்தை ஓட்டியவர். ஆனால் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்கு அது எடுபடாது. 'மேற்சட்டை அணியாத தகப்பன்மார் உள்ளே வரலாகாது' என்று வாசலிலேயே எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்.

கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடம் அது. தலைமைக் கன்னியரை எல்லோரும் மதர் என்பார்கள். சட்டதிட்டங்களுக்கு அங்கே பஞ்சமே கிடையாது. வாசலில் வலப்பக்கம் பிள்ளைகளுக்கு ஒரு பலகை, இடப்பக்கம் பெற்றோருக்கு ஒரு பலகை. பிள்ளைகள் ரெட்டைச் சடை போட வேண்டும், ரிப்பன் வெள்ளையாக இருக்க வேண்டும், தையல் வேலையைத் தம் கையாலேயே செய்ய வேண்டும். பெற்றோர் பொய் சொல்லி லீவு கேட்கக் கூடாது, பாடம் படிக்கிற நேரத்தில் பிள்ளையைக் கருவாடு காயப்போட அனுப்பக் கூடாது, வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து பேசக் கூடாது. பெற்றோர் பலகைதான் நீளம் அதிகம்.

இரண்டாம் பாரம் படிக்கும் அமலோற்பவம் முந்தின நாள் சாயங்காலம் வந்து ஒரு செய்தி சொன்னாள். அதிலிருந்து வீடு வீடாக இல்லை.

"அப்பா, நாளைக்குக் காலைல உங்களை மதர் வரச் சொன்னாவ."

"என்னத்துக்குளா?"

"தெரியாதுப்பா. உன் தகப்பனாரை வரச் சொல்னு மட்டும் சொன்னாவ."

"அப்பம் மதர் முகம் எப்படி இருந்துச்சு?"

அமலோற்பவம் யோசித்தாள். "மதர் முகம் மாதிரிதான் இருந்துச்சு."

மிக்கேலம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் தாயைக் கூப்பிட்டால் கண்டிக்கக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். தகப்பனைக் கூப்பிட்டால் பள்ளிக்கூடத்திலிருந்து பெயரை எடுக்கக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். ஊர் அறிந்த விஷயம் இது. போன வருஷம் பொன்னுதுரையைக் கூப்பிட்டார்கள். அடுத்த வாரமே அவர் மகள் பகவதி வீட்டில் உட்கார்ந்து உளுந்து அரைத்துக்கொண்டிருந்தாள்.

மகள் ஒருநாள் டீச்சராக வேண்டும், வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கையில் குடை பிடித்து இந்தத் தெரு வழியாக நடந்து வர வேண்டும், தான் அதைப் பார்க்க வேண்டும். இதைத் தவிர பர்னபாஸுக்கு வேறு ஆசை கிடையாது. இந்த ஆசையை வெளியே சொல்லக்கூட அவருக்குக் கூச்சம்.

சட்டை இரவல் கேட்கப் போன இடத்தில்தான் பொன்னுதுரை அந்த யோசனையைச் சொன்னார்.

"நான் செஞ்ச தப்பை நீரு செய்யாதேயும். மதர் கேக்குத வரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதான் என் பிள்ளை வீட்டுக்கு வந்துட்டு. அவுகளுக்கு எல்லாந் தெரியும், பாத்துக்கிடும். நாமளா ஒத்துக்கிடுதோமான்னுதான் பாப்பாவ. அவுக வாயத் தொறக்கதுக்கு முன்னால நீரு முந்திக்கிட்டு ஒத்துக்கிடும்."

"எதை ஒத்துக்கிட?"

"எதைச் செஞ்சீரோ அதை."

அங்கேதான் சிக்கலே. எதைச் செய்யவில்லை என்று கேட்டிருந்தால் பர்னபாஸ் சட்டென்று சொல்லியிருப்பார். வெற்றிலை போட்டுக்கொண்டு மட்டும் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. அதுவும் பள்ளிக்கூடப் பக்கமே போகாததால்தான்.

"நானும் கூட வாரேன் மச்சான்," என்றான், வீட்டில் இருந்த மிக்கேலம்மாளின் தம்பி தொம்மை.

பர்னபாஸுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. கடலில் குளியாள் கீழே இறங்கினால் மேலே தோணியில் கயிறு பிடிப்பவன் மனைவியின் உடன்பிறந்தானாக இருக்க வேண்டும். அக்காள் தாலி அறுக்க எந்தத் தம்பிக்கும் மனம் வராது, அதனால் கயிற்றை விடமாட்டான் என்கிற கணக்கு. பர்னபாஸ் கீழேயிருந்து கயிற்றைச் சுண்டி ஒரு வெட்டு வெட்டினால் போதும், தொம்மை உயிரைக் கொடுத்து இழுத்து மேலே போட்டுவிடுவான்.

"ஒரு ஆள்தான் உள்ள போகணுமாம்லா," என்றாள் மிக்கேலம்மாள்.

"நான் ஜன்னலுக்கு வெளிய நிக்கேன். மச்சான் இடுப்புல ஒரு தூண்டில் கயித்தைக் கட்டி விட்டுருவோம். மதர் கேக்குத கேள்விக்கு ஆமான்னு சொல்லணும்னா ஒருக்கா இழுப்பேன். இல்லைன்னு சொல்லணும்னா ரெண்டு தடவை. நான் அஞ்சாங் கிளாஸ் படிச்சவன், பேச்சு எனக்குப் புரியும்."

இப்படியாகத்தான், மறுநாள் காலையில் பர்னபாஸ் பித்தான் தெறிக்கும் சட்டையோடும், சட்டைக்குள் கட்டிய கயிற்றோடும் மதரின் அறையில் ஜன்னலை ஒட்டிய நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கயிறு முதுகுப்பக்கமாக ஜன்னல் கம்பிக்கு வெளியே போனது. அதன் மறுமுனையில் தொம்மை செம்பருத்திச் செடிக்குள் குந்தியிருந்தான்.

மதர் எந்த வெள்ளைக்கார தேசத்துக்காரரோ தெரியாது. தமிழைப் புத்தகத்தில் படித்தவர். பேசினால் பிரசங்கம் மாதிரியே இருக்கும்.

"நீங்கள் வந்ததில் மகிழ்ச்சி, பர்னபாஸ். நான் உங்களை எதற்காக அழைத்தேன் என்றால்—"

"தெரியும் மதர்!" என்று முந்திக்கொண்டார் பர்னபாஸ்.

"தெரியுமா?"

"நான் செஞ்சது தப்பு. பிள்ளைக்குக் காய்ச்சல்னு லீவு கேட்டது பொய். மணப்பாட்டுத் திருவிழாவுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். பிள்ளை மாட்டேன்னுதான் சொன்னா. நாந்தான் தூக்கி வண்டியில போட்டேன்."

மதரின் கையிலிருந்த பேனா நின்றது.

"காய்ச்சல் இல்லையா? அவளுக்காக வகுப்பு முழுவதும் முழங்காலில் நின்று ஜெபமாலை சொன்னோமே!"

"அதனாலதான் மதர் திருவிழாவுல அவளுக்கு ஒண்ணும் ஆகலை," என்றார் பர்னபாஸ் பணிவாக.

மதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. இதைப் பற்றிப் பிறகு பேசுவோம். நான் உங்களை அழைத்த காரியம் வேறு. அது—"

வேறா? அப்படியானால் இது போதவில்லை. பொன்னுதுரை சொன்னது சரிதான், ஆழம் பார்க்கிறார்கள்.

"தலகாணி உறையா மதர்?"

இடுப்பில் கயிறு ரெண்டு தடவை வெடுக்கென்றது. ஆனால் பர்னபாஸுக்கு அது உறைக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவர்தான் கயிற்றை வெட்டி மேலே செய்தி அனுப்பியிருக்கிறாரே தவிர, மேலேயிருந்து யாரும் அவருக்கு அனுப்பியதில்லை.

"எந்தத் தலையணை உறை?" மதரின் குரல் தாழ்ந்தது. "ரோஜாப்பூப் போட்டதா? கண்காட்சியில் முதற்பரிசு பெற்றதா? மேற்றிராணியாருக்கு நாம் காணிக்கையாக அனுப்பினோமே, அதுவா?"

உறை மேற்றிராணியாராகிய பிஷப்பின் தலைக்குக் கீழே போயிருக்கிறது என்பது பர்னபாஸுக்குப் புதுச் செய்தி. ஆனால் பாதியில் நிறுத்தினால் பிள்ளையின் பெயர் போய்விடும்.

"அது அவ தைக்கலை மதர்."

"தாயார் தைத்தாரா?"

"அவளுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது."

"பின்னே யார்?"

கயிறு கண்டபடி வெட்டி இழுத்தது. பர்னபாஸ் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"என் மச்சான் மதர். தோணிக்குப் பாய் தைக்கிறவன். கை ரொம்ப நைசு."

மதர் நாற்காலியில் சாய்ந்து மேசையிலிருந்த தண்ணீரைக் குடித்தார். இவ்வளவு சொல்லியும் 'போதும்' என்று ஒரு வார்த்தை வரவில்லையே. இன்னும் எதற்காகக் காத்திருக்கிறார்கள்?

"பர்னபாஸ், தயவுசெய்து நான் சொல்வதைக் கேளுங்கள். எனக்கு—"

"கணக்குதானே மதர்? ராத்திரி விளக்கு வெச்சுப் படிக்கணும்னு பலகையில போட்டிருக்கு. உலகச் சண்டை வந்ததுல இருந்து மண்ணெண்ணெய் எங்க கெடைக்கி? எங்க தெருவுல எங்க வீட்ல மட்டுந்தான் விளக்கு. அதனால தெருப் பிள்ளைக எல்லாம் எங்க வீட்டுக்குத்தான் வரும். எங்க பிள்ளை போடுத கணக்கை மத்ததெல்லாம் பாத்து எழுதிக்கிடும்."

மதர் மெல்ல எழுந்து நின்றார். "அதனால்தான் வகுப்பில் பாதிப் பேருக்கு ஒரே தவறா? ஆசிரியை தாம் தவறாகக் கற்பித்துவிட்டோம் என்று அழுதாரே!"

தன் பிள்ளையைக் காப்பாற்ற வந்தவர் இப்போது தெருப் பிள்ளைகள் அத்தனை பேரையும் மாட்டிவிட்டிருந்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தெருவே திரண்டு நிற்கும். பயம் வந்தால் பர்னபாஸுக்குத் தன்னையறியாமல் மூச்சை அடக்குகிற பழக்கம். அடக்கினார். அடக்கிக்கொண்டே இருந்தார். முகம் கறுத்தது.

"பர்னபாஸ்? உங்களுக்கு என்ன ஆயிற்று?"

மூச்சு முட்டியதும் கை தானாக இடுப்புக் கயிற்றைத் தேடியது. பிடித்து ஒரு வெட்டு வெட்டியது.

ஜன்னலுக்கு வெளியே இருந்தவனுக்கு வேறென்ன தெரியும்? அக்காள் தாலியாயிற்றே. தொம்மை செடியிலிருந்து துள்ளி எழுந்தான், சுவரில் காலை உதைத்துக்கொண்டு, ஏலேலோ என்று இழுத்தான். பர்னபாஸ் நாற்காலியோடு பின்னால் பறந்து போய் ஜன்னல் கம்பியில் மோதினார். பொன்னுதுரையின் சட்டை முதுகோடு கிழிந்தது. பித்தான் ஒன்று பறந்து மதரின் தண்ணீர்க் குவளைக்குள் விழுந்தது.

கம்பிகளுக்கு நடுவே தொம்மையின் முகம் எட்டிப்பார்த்தது. "மச்சான்! உசிரு இருக்கா?"

"யார் இவர்?" என்றார் மதர்.

"என் மச்சான் மதர்," என்று கம்பியில் ஒட்டிக்கொண்டே சொன்னார் பர்னபாஸ்.

"ரோஜாப்பூவா?"

"ஆமா மதர்," என்றான் தொம்மை, கையைக் கட்டிக்கொண்டு.

மதரின் உதட்டோரம் துடித்தது கோபத்தாலா வேறு எதனாலா என்று பர்னபாஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"அமலோற்பவம் நல்ல பெண். பரீட்சையில் அவள் வாங்கும் மதிப்பெண் அவளுடையதுதான், என் கண் முன்னால் எழுதியது. அவள் மூன்றாம் பாரம் போவாள். பெயரை எடுக்க மாட்டேன்."

பர்னபாஸ் அங்கேயே அழுதுவிட்டார். கூச்சமே இல்லாமல் அழுதார்.

"ஆனால் இனி ஒவ்வொரு சனிக்கிழமையும் நீங்களும் உங்கள் மனைவியும் இங்கே வந்து பெஞ்சில் உட்கார்ந்து பெற்றோர் விதிகளைப் படிக்க வேண்டும். ஒப்பிக்க வேண்டும். விளக்கு இல்லாத வீட்டுப் பெற்றோரும் வர வேண்டும். ரோஜாப்பூவும் வர வேண்டும்."

"வாரோம் மதர்! சட்டை போட்டுட்டு வாரோம்!"

"இப்போதாவது நான் உங்களை அழைத்த காரியத்தை—" பர்னபாஸின் வாய் மறுபடி திறப்பதைப் பார்த்து மதர் கையை உயர்த்தித் தடுத்தார். "வேண்டாம். எனக்குத் தலை வலிக்கிறது. பின்பக்கம் போங்கள். தோட்டக்காரர் சொல்வார்."

வெளியே வந்த பர்னபாஸ் தொம்மையைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் நடந்தார். இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது! எல்லாவற்றையும் கொட்டியும் அதை மட்டும்தான் சொல்லவில்லை. கருவாடா? ரிப்பனா? ஏதோ பெரிய விஷயம், மதர் தம் வாயால் சொல்லவே கூசுகிற விஷயம்.

"நம்ம பிள்ளை அப்படி என்னலே செஞ்சிருப்பா?" என்றார் தொம்மையிடம்.

"நாம சொல்லாம விட்டது ஒண்ணும் இல்லையே மச்சான்," என்றான் தொம்மை, முழங்கையில் சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டே.

பின்பக்கம் தோட்டக்காரர் செல்லப்பாண்டி ஒரு கல்லில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் பீடியை எறிந்துவிட்டு எழுந்தார். பர்னபாஸ் கை கூப்பிக்கொண்டே அருகில் போனார்.

"எதுவா இருந்தாலும் சொல்லிரும் அண்ணாச்சி. ஒத்துக்கிடுதேன்."

செல்லப்பாண்டி அவரையும் கிழிந்த சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒத்துக்கிட்டா நல்லதாப் போச்சு, சட்டையைக் கழத்தும். பீரோச் சாவிக்கொத்து கிணத்துல விழுந்து கெடக்கு, பாதாளக்கரண்டி போட்டும் சிக்கலை. முங்கி எடுக்க ஆள் கெடைக்குமான்னு மதர் கேட்டாவ, இங்கன படிக்கிற அமலோற்பவத்துக்க அப்பா நல்லா முங்குவாவளேன்னு நாந்தான் சொன்னேன்."