சமாதான வேட்டு

எருமப்பட்டி அஞ்சல்,
நாமக்கல் தாலுகா, சேலம் ஜில்லா.
9.6.1974

'நடுப்பகல்' ஆசிரியர் குமாரசாமி அவர்களுக்கு, மருதாசலம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். கிணறும் நலம். அங்கு தாங்களும், தங்கள் துணைவியாரும், அம்மாப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவே நம் பத்திரிகையையும் அச்சடித்துத் தரும் அச்சகத்தாரும் நலமாக இருக்க வேண்டும்.

நல விசாரிப்பில் கிணறு ஏன் வந்தது என்று நினைப்பீர்கள். கட்டுரை ஏன் வரவில்லை என்பதற்கும் அதுதான் பதில்.

சித்திரையில் தாங்கள் ஒரு கட்டுரை கேட்டீர்கள். நவீன யுத்தங்களின் நோக்கங்கள்; அணுகுண்டு விஷயத்தில் வல்லரசுகளின் இரட்டை நியாயம். சென்னையில் எம்.ஏ. படித்தபோது எடுத்த குறிப்புகள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. முதல் வாக்கியத்தை எழுதிவிட்டேன். 'யுத்தங்கள் சொல்லப்படும் காரணங்களுக்காக நடப்பதில்லை.' இரண்டாவது வாக்கியத்தை யோசிப்பதற்குள் எங்கள் கிணறு வற்றிவிட்டது.

நில அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்கள் இரண்டு ஏக்கர். அதில் பாதி சின்ன வெங்காயம், அப்போது நட்டு ஒரு மாதம். வடக்கே மேட்டில் பெரியப்பா மணியனின் தோட்டம். தெற்கே பள்ளத்தில் சின்னான் என்பவரின் துண்டு நிலம். ஆளுக்கொரு கிணறு. பெரியப்பா போன வருஷமே தன் கிணற்றை வேட்டு வைத்து ஆழப்படுத்திக்கொண்டார். பாறையில் துளை போட்டு, வெடிமருந்துத் தோட்டாவைச் செருகி, திரி கொளுத்தி வெடிப்பதை இங்கே வேட்டு என்பார்கள். அவர் வைத்தபோது எங்கள் வீட்டுச் சுவரில் விரிசல் விழுந்தது. அப்பா அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினார். வேறொன்றும் செய்யவில்லை.

வைகாசி தொடங்குவதற்குள் வெங்காயத் தாள் நுனியில் மஞ்சள் கண்டது. அப்பா சின்னுசாமி, கிணறு வெட்டும் மயில்சாமியைக் கூட்டி வந்தார். வெடிப்பதற்கு முன் சிவப்புத் துண்டை வீசிக்கொண்டு வரப்பெல்லாம் ஓடி, "வேட்டு! வேட்டு!" என்று ஆள் கத்த வேண்டும். அரசியல் படித்தவனுக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். நன்றாகவே கத்தினேன்.

முதல் வேட்டில் ஒரு கல் பறந்து பெரியப்பாவின் கோழிக் கொட்டகைக் கூரையில் விழுந்தது. கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெரியப்பாவுக்கு ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே பால் சொசைட்டி வாசலில் கூட்டம், பஞ்சாயத்து பிரசிடெண்ட் நடுவில், பெரியப்பா எழுந்து தன் சுவர் அதிர்ந்ததென்றும், எருமை பால் கறக்க விடவில்லையென்றும், மாசமாக இருக்கிற மருமகள் திடுக்கிட்டு உட்கார்ந்தவள் இன்னும் எழவில்லையென்றும், சீமைக் கோழிகள் அத்தனையும் முட்டையை நிறுத்திவிட்டன என்றும், கோழி என்பது மனசு சம்பந்தப்பட்ட ஜீவன் என்றும், இந்த ஊரின் அமைதிக்காகத்தான் தான் பேசுவதாகவும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனார்.

"நீங்களும் வெச்சீங்களேண்ணா, போன வருசம்" என்றார் அப்பா.

"நான் வெச்சது வெவரமா வெச்சது. உனக்கு அவசர புத்தி, சின்னு. சின்ன வயசுலயே தெரியுமே."

"உங்க மோட்டார் ரூம்ல இன்னம் ஒரு பெட்டி தோட்டா கெடக்குதுங்களே?"

"எங்கிட்டக் கெடந்தா அது பத்திரம். உங்கிட்ட இருந்தாத்தான் ஆபத்து."

இரண்டு கிணற்றுக்கும் ஊற்று ஒன்றுதான். அப்பா ஓர் ஆள் ஆழம் இறங்கினால் பெரியப்பாவுக்கு ஓர் ஆள் ஆழம் குறையும். கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் இது தெரியும். சுவர் பேசப்பட்டது. எருமை பேசப்பட்டது. கோழிகள் மிக விரிவாகப் பேசப்பட்டன. தண்ணீர் என்ற சொல் கடைசிவரை வரவில்லை. வல்லரசுகளின் பேச்சுகளைப் பக்கம் பக்கமாகக் குறித்து வைத்திருந்தேன். அவற்றில் எண்ணெய் என்ற சொல்லைத் தேடிக் களைத்தது ஞாபகம் வந்தது.

தீர்ப்பு இப்படி. அப்பா வேட்டு வைக்கக் கூடாது. கடப்பாரையால் எவ்வளவு வேண்டுமானாலும் தோண்டிக்கொள்ளலாம். தோட்டா பதுக்கியிருக்கிறாரா என்று பெரியப்பா எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஒழுங்காக இருந்தால் பெரியப்பா தன் கிணற்றிலிருந்து திங்கட்கிழமை ஒரு முறைத் தண்ணீர் விடுவார். பெரியப்பாவின் மோட்டார் ரூமை யார் பார்ப்பது என்று யாரும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் அப்பாவுக்கு அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தை விளக்கினேன். முன்னாலேயே வெடித்துவிட்ட ஐந்து நாடுகள் வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் வேண்டாமென்று கையெழுத்துப் போட்டுவிட்டு, வந்து சோதனையிடவும் இடம் கொடுத்துவிட்டு, உதவி பெற்றுக்கொள்ளலாம். நம் நாடு கையெழுத்துப் போடவில்லை.

அப்பா குனிந்து செருப்பிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கிப் போட்டார். "அப்ப உங்க பெரியப்பனும் படிச்சவந்தான்" என்றார்.

அடுத்த நாள் காலையில் பெரியம்மா சென்னியம்மாள் வழக்கம்போல் வேலியோரம் வந்து, மடியிலிருந்து முட்டைகளை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்.

"ஏனுங்க்கா, கோழி முட்டையே போடறதில்லைன்னு கூட்டத்துல சொன்னாங்களாமே?"

"அது கூட்டத்துக்கு, ஆத்தாயி. கோழிக்கு என்ன தெரியும் பாவம். அது பாட்டுக்குப் போடுது."

அப்பா கடப்பாரையால் தோண்டினார். பாறை கடப்பாரையைத் தேய்த்தது. பெரியப்பா வேளை தவறாமல் வந்து வைக்கோல் போருக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை வந்தது. தண்ணீர் வரவில்லை. கரண்ட் இல்லை என்றார்கள். பெரியப்பா மோட்டார் ஓடும் சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. வெங்காயத் தாள் பாதிவரை மஞ்சளாகிவிட்டது. இன்னும் ஒரு வாரம் போனால் மாட்டுக்குத்தான் போட வேண்டும் என்றார் அம்மா.

அப்போதுதான் மே பதினெட்டு. சனிக்கிழமை. ராஜஸ்தான் பாலைவனத்தில் நம் நாடு பூமிக்கடியில் அணுவை வெடித்த செய்தி. முழுக்க முழுக்க அமைதிப் பயன்பாட்டுக்கான வெடிப்பு என்று ரேடியோ சொன்னது.

பெரியப்பா டிரான்சிஸ்டரை இடுக்கிக்கொண்டு டீக்கடைக்கு வந்தார். எல்லோருக்கும் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். அப்பாவுக்கும் ஒன்று. தேசம் என்று வந்தால் பங்காளிச் சண்டை இல்லையாம்.

"இனி அமெரிக்காக்காரன் கண்டிப்பான். கனடாக்காரன் கண்டிப்பான். அவனவன் மூட்டை மூட்டையா வெச்சுக்கிட்டு நம்மள வெக்காதேங்கறதுக்கு அவனுக யாரு? அவனுகளுக்கொரு நாயம், நமக்கொரு நாயமா?" என்று மேசையைத் தட்டினார்.

அப்பா மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார். "அதையேதானுங்கண்ணா நானும் கேட்டேன்."

டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்தினார்.

"அது வேற" என்றார் பெரியப்பா.

"எப்படீங்?"

"அது வேற, இது வேற. போடா."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. எழுந்து நேராக மயில்சாமி வீட்டுக்குப் போனார்.

பொழுது சாய நான் மறுபடியும் சிவப்புத் துண்டோடு வரப்பில் ஓடினேன். பிரசிடெண்ட் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "ஏப்பா சின்னுசாமி, பேசுனது என்ன, பண்றது என்ன?"

"இது சண்டை வேட்டு இல்லீங்க. சமாதான வேட்டு. வெவசாயத்துக்கு. காலையில இருந்து ரேடியோவுல அதைத்தானுங்களே சொல்லிட்டிருக்கறாங்க."

பிரசிடெண்ட் வாயில் பெரியப்பாவின் மிட்டாய் இன்னும் மிச்சமிருந்தது. அதை விழுங்கினார். "தென்னை மட்டை போட்டு மூடீட்டு வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளி நின்றார். பெரியப்பா டிரான்சிஸ்டரோடு தன் கிணற்று மேட்டில் நின்றார். திரி எரிந்தது. எங்கள் வேட்டு வெடித்தபோது, அவர் கை ரேடியோவில் அந்த இன்னொரு வெடிப்பின் பெருமை ஓடிக்கொண்டிருந்தது.

விடியற்காலையில் பாறை இடுக்கில் தண்ணீர் நின்றது. வெங்காயம் பிழைத்துக்கொண்டது. பெரியப்பா கிணற்றில் தண்ணீர் இறங்கி இரண்டு படி வெளியே தெரிகிறது. கோழி மட்டும் அல்ல, பெரியப்பாவும் மனசு சம்பந்தப்பட்ட ஜீவன்தான் என்று தெரிந்துகொண்டோம். அவருக்கு அப்பாவோடு பேச்சில்லை. இன்னும் ஆழம் போக ராசிபுரத்தில் பாறை துளைக்கும் கம்பரசர் வண்டிக்குச் சொல்லியிருக்கிறாராம். ஆயுதப் போட்டி என்ற தலைப்பில் என்னிடம் தனியாக ஒரு கட்டுக் குறிப்பு இருந்தது. அதைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டேன்.

ஆகையால், ஐயா, கட்டுரை இல்லை. இக்கடிதத்தையே வேண்டுமானால் போட்டுக்கொள்ளுங்கள். பெரியப்பாவின் பெயரை மாற்றிவிடுங்கள். அப்பாவின் பெயர் அப்படியே இருக்கட்டும். நியாயத்தின் பக்கம் நின்ற ஒருவர் பெயர் ஒருமுறையாவது அச்சில் வரட்டும்.

அம்மா தங்கள் வீட்டாரை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார். வெங்காயம் எடுத்ததும் ஒரு கூடை வந்து சேரும். தங்கள் பத்திரிகை மாதம் தவறாமல் வரவும், தங்களுக்குத் தலைவலி குறையவும் வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள,
மருதாசலம்.

பி.கு.: மேலே உள்ளதைப் போட வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. பள்ளத்துச் சின்னானின் கிணறு, எங்கள் வேட்டுக்குப் பிறகு, அடியோடு வற்றிவிட்டது. இன்று காலை வந்து, மயில்சாமியைக் கூப்பிட்டுத் தானும் ஒரு சமாதான வேட்டு வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். அப்பா யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினார். சற்று நேரத்தில் பெரியப்பா எங்கள் வாசலில். மூன்று வாரப் பேச்சின்மைக்குப் பின் இருவரும் ஒரே கட்டிலில் உட்கார்ந்து ஒரே சொம்பில் மோர் குடித்தார்கள். எங்கள் சுவரில் ஏற்கனவே விரிசல் இருக்கிறது, இன்னொரு வேட்டைத் தாங்காதென்று பெரியப்பா காலண்டரைத் தூக்கிக் காட்டினார். அப்பா ஆமாம் என்றார்.

சின்னானிடம் சொல்லிவர என்னை அனுப்பினார்கள், படித்தவன் என்பதால். போனேன். வேட்டு வேண்டாம், ஒழுங்காக இருந்தால் திங்கட்கிழமை ஒரு முறைத் தண்ணீர் அப்பா விடுவார் என்றேன்.

"நீங்க வெச்சீங்களே, தம்பி?" என்றார் சின்னான்.

"அது வேறங்க" என்றேன். என் குரல்தான்.

அவர் கோபப்படவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பவர்போல, "எது வேறங்க?" என்றார்.

அதைப் பற்றித்தான் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

"எழுதுங்க, சாமி" என்றார். "எழுதி முடிக்கற வரைக்கும் மாட்டுக்குத் தண்ணி எங்க காட்டறதுன்னு மட்டும் உங்கப்பாவைக் கேட்டுச் சொல்லுங்க."