மீதிப் பாதி எங்கே?

இந்தப் பூமியில் முன்னோரை மதிக்கத் தெரிந்த அலுவலகம் ஒன்றே ஒன்றுதான். அது கோஸ்டா ரிக்காவின் நிக்கோயாவில் இருக்கிற எங்கள் தொல்பொருள் காப்பு அலுவலகம். நான் அதில் பதிவு எழுத்தர். தற்பெருமை இல்லை, எங்கள் சுற்றறிக்கையிலேயே அப்படித்தான் போட்டிருக்கிறது. அதில் ஓரிடத்தில் 'தொல்லைப்பொருள்' என்று அச்சாகிவிட்டது. யாரும் திருத்தவில்லை.

போனதற்கு முந்தைய கோடையில் தோன்யா எர்மெலிந்தா என்கிற அம்மாள் தம் சோளக்கொல்லையில் கிணறு தோண்டினார். ஆறடியில் ஒரு பச்சைக்கல் பதக்கம் அகப்பட்டது. பறவைத் தலை, கோடரி உடம்பு, கழுத்தில் கயிறு கோக்க ஒரு துளை. வேறு யாராக இருந்தாலும் மூச்சு விட்டிருக்க மாட்டார்கள். இவர் அதைத் துணியில் பொதிந்து நேரே எங்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். பாவம், நல்லவர்.

இயக்குநர் தோன் லிசாந்த்ரோ 'முதற்கட்ட ஆய்வு' நடத்தினார். 'சேதம்' என்ற கட்டத்தில் 'துளை ஒன்று' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். பிறகு கல்லைத் திருப்பினார். பின்பக்கம் தட்டையாக, அறுத்து ஒடித்த தழும்போடு இருந்தது.

"மீதிப் பாதி எங்கேம்மா?"

"அந்தக் காலத்துல ஒரு கல்லை மணல் தடவின நூலால ரெண்டா அறுத்து ரெண்டு பதக்கம் பண்ணுவாங்க ஐயா. உங்க வாசல்ல மாட்டியிருக்கிற படத்துலயே இருக்கே."

"அந்தப் படம், வேடிக்கை பார்க்க வர்றவங்களுக்கு. நான் கேக்கிறது மீதி."

"அறுத்தவன் செத்து ஆயிரத்தைந்நூறு வருஷம் ஆச்சு. அவனைத்தான் கேக்கணும்."

இதை 'விசாரணைக்கு ஒத்துழைக்க மறுப்பு' என்று பதிவு செய்தோம். மீதி கிடைக்கும்வரை கிணற்றுக்கு முத்திரை. மஞ்சள் நாடாவைக் கட்டியவன் நானே. மூன்று கூட்டம் போட்டு, காப்பி குடித்து, 'தீவிரமாகப் பரிசீலித்து' வருகிறோம். இரண்டு கோடை போய்விட்டது. அம்மாளின் சோளம் கருகிவிட்டது. நாடாவுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை, மாதாமாதம் மாற்றுகிறோம்.

போன மாதம் என் வீட்டிலும் கிணறு தோண்டினேன். ஏழடியில், பக்கச் சுவரில், பச்சையாக ஏதோ மின்னியது. முன்னோர்மேல் எனக்குள்ள மரியாதை சாதாரணமானதல்ல. அவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று அந்த இடத்தில் சிமெண்டு பூசிவிட்டேன். தண்ணீர் இளநீர்தான், போங்கள்.

தோன்யா எர்மெலிந்தா இப்போது அதில்தான் தினமும் இரண்டு வாளி எடுத்துப்போகிறார். நேற்று கயிற்றை இழுத்துக்கொண்டே கேட்டார்.

"உங்க கிணத்துல ஒண்ணும் கிடைக்கலையா ஐயா?"

"இல்லம்மா."

அவர் உள்ளே எட்டி அந்தச் சிமெண்டுத் திட்டைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"கிடைக்காதுதான். நீங்க சட்டம் தெரிஞ்சவராச்சே."